கொட்டகையில் நிற்கும் புல்லட்: எடுக்கலாமா, விடலாமா?

நம் பக்கத்து ஊர்களில் மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ, மோட்டார் ரூமுக்குப் பின்னாலோ, தவிட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரில் காற்று இருக்காது. சீட்டின் மேல் கோழி உட்கார்ந்திருக்கும். கேட்டால், "அப்பா ஓட்டின வண்டி. ஸ்டார்ட் மட்டும் ஆயிடுச்சுன்னா குதிரை மாதிரி போகும்" என்பார்கள். விலையும் குறைவாகத்தான் சொல்வார்கள். புதிதாக விவசாயத்துக்கு வருகிற தம்பிகளுக்கு இந்த மாதிரி வண்டி கண்ணில் பட்டால் போதும், ராத்திரி தூக்கம் வராது.

எங்கள் நூம்பலில் அப்படி ஒரு வண்டி உண்டு. 1980களில் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் 350. பால் வியாபாரம் செய்த ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் கேன் கட்டி, பூந்தமல்லி வரைக்கும் தினமும் ஓட்டியது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. அந்த அம்மா 25,000 ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். எங்கள் குழுவில், கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திருமழிசை தாண்டி இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார்.

"சார், இருபத்தஞ்சாயிரம்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து ரெடி பண்ணிடுவேன். எடுத்துடட்டுமா?"

அவர் கையில் மொத்தம் இருந்தது 1,20,000 ரூபாய். ஒரு நாட்டு மாடு, வேலி, விதை, முதல் அறுவடை வரைக்கும் வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள்தான். நான் பேங்கில் முப்பது வருடத்துக்கு மேல் விவசாயக் கடனும் வாகனக் கடனும் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடன் மனு வந்தால் எப்படி அலசுவோமோ, அதேபோல இரண்டு பேரும் உட்கார்ந்து அலசினோம். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வண்டி புல்லட்டாக இருந்தாலும், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 என்று எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

வண்டிக்கு என்ன வேலை?

கடன் மனுவில் நாங்கள் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, நோக்கத்தை. "எதுக்கு வாங்குறீங்க?" என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லாத மனு பாதி வழியில் நின்றுவிடும். தம்பியிடமும் அதையே கேட்டேன்.

"வாரத்துக்கு மூணு நாள் கீரை, காய் எடுத்துட்டு வீடு வீடா போகணும் சார். தவிடு, புண்ணாக்கு வாங்கிட்டு வரணும். ஜீவாமிர்தம் கேன் ஒண்ணு ரெண்டு ஏத்தணும்."

இது வேலை செய்யும் வண்டிக்கான பதில். விடிகாலை 4 மணிக்குக் கீரை அறுத்து, 6 மணிக்குள் வாடிக்கையாளர் வாசலில் வைக்க வேண்டும். அன்றைக்கு வண்டி கிளம்பவில்லை என்றால் கீரை வாடும். இரண்டு தடவை வாடினால் வாடிக்கையாளர் கடைக்குப் போய்விடுவார்.

தேற்ற வேண்டிய வண்டி வேறு மாதிரி. அது எப்போது கிளம்பும் என்று மெக்கானிக்காலேயே சொல்ல முடியாது. ஒரு சாமான் வர மூன்று வாரம் ஆகும். அது வந்த பிறகுதான் அடுத்த கோளாறு தெரியும். அதனால் நான் தம்பியிடம் முதலிலேயே சொன்ன விதி இது: ஓட வேண்டிய வண்டி வேறு, தேற்ற வேண்டிய வண்டி வேறு. இரண்டையும் ஒரே பணத்தில் வாங்கக் கூடாது. தினமும் ஓட ஒரு வண்டி கையில் இருந்து, அதற்கு மேல் பணமும் நேரமும் மிச்சம் இருந்தால்தான் கொட்டகை வண்டியைப் பற்றிப் பேசலாம்.

சாமான் கிடைக்குமா?

ஆசைப்படுகிற வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்கிறதா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும். இதில் புல்லட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது நம் ஊர் வண்டி. 1950களில் இந்திய ராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. இங்கிலாந்து கம்பெனி 1970களின் தொடக்கத்தில் இல்லாமல் போன பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின், பெரிய மாற்றம் இல்லாமல் 2010 வாக்கு வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே மாதிரி எஞ்சின் என்பதால் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஜி.பி. ரோட்டில் புதுசு தேடலாம். புதுப்பேட்டையில் பழசு தேடலாம்.

எல்லா வண்டிக்கும் இந்த வசதி கிடையாது. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் அதே 1996-ல் நின்றது. இவற்றுக்கு ரசிகர்கள் அதிகம். அதனாலேயே அசல் சாமானுக்கு விலை ஏறிவிட்டது, டூப்ளிகேட்டும் அதிகம். வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டியின் பிஸ்டன் செட், கிளட்ச், கார்புரேட்டர் மூன்றுக்கும் கடையில் நேரில் போய் விலை கேளுங்கள். கடைக்காரர் யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

பேப்பர் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? வண்டிக்கும் அதே கதைதான். இரும்பில் உள்ள கோளாறு எதையும் காசு இருந்தால் சரிசெய்யலாம். பேப்பரில் உள்ள கோளாறு சிலதைக் காசு இருந்தாலும் சரிசெய்ய முடியாது.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். துரு இருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எண் தெளிவாக விழும். ஓர் எழுத்து மாறினாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருட்டு வண்டியா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் பார்க்கலாம்.

பிறகு அந்த எண் அரசின் 'வாகன்' பதிவில் வருகிறதா என்று பாருங்கள். டி.என். வரிசை வருவதற்கு முந்தைய, மூன்று எழுத்தில் தொடங்கும் பழைய எண்கள் பல கணினியில் ஏறாமலே இருக்கின்றன. அப்படி இருந்தால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவைக் கண்டுபிடித்து ஏற்றச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு டி.என். 12 பூந்தமல்லி என்றாலும், பழைய வண்டி வேறு அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம். இந்த வேலை முடியாமல் வேறு எந்த வேலையும் நகராது.

மூன்றாவது, யார் பெயர்? நூம்பல் வண்டி காலமான பெரியவர் பெயரில் இருந்தது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஆறு வருடம் ஓடிவிட்டது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் கல்யாணமாகி வெளியூரில். அந்த அம்மா மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது விற்பனை ஆகாது. முதலில் வாரிசு பெயருக்கு வர வேண்டும். அதன் பிறகே படிவம் 29, 30 மூலம் வாங்குகிறவர் பெயருக்கு.

"பேரு மாத்துறதைப் பிறகு பாத்துக்கலாம், வண்டியை எடுத்துட்டுப் போ" என்று யாராவது சொன்னால் அது விற்கிறவருக்கும் ஆபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 25,000 ரூபாய்க்கு வண்டியைக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் லட்சக்கணக்கில் வழக்குக்கு நிற்க வேண்டி வரலாம். இதை அந்த அம்மாவிடமும் மகனிடமும் விளக்கிச் சொன்னேன். அதுவரைக்கும் அவர்களுக்கு அது தெரியாது.

நான்காவது, கடன் பதிவு. அந்த ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, முடிந்ததற்கான கடிதமும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ.வில் கொடுத்துப் பதிவை நீக்கவில்லை. பேங்கில் இருந்தபோது நான் பார்த்த வாகனக் கடன்களில் பலர் கடைசித் தவணையோடு நின்றுவிடுவார்கள், இந்தப் படிவத்தை மறந்துவிடுவார்கள். உங்கள் வீட்டு வண்டி ஆர்.சி.யையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, வயது. "15 வருஷம் ஆனா வண்டியை ஓட்டக் கூடாது" என்று நம் ஊரில் பலர் சொல்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த பெட்ரோல் வண்டித் தடை. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, பதிவை 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பசுமை வரி உண்டு, தாமதக் கட்டணம் கேட்கலாம். 20 வருடம் தாண்டிய இரு சக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இன்ஷூரன்சும் புகைச் சான்றும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சோதனைக்கு வண்டி நல்ல நிலையில் ஓடிப் போய் நிற்க வேண்டும். அதாவது ரிப்பேருக்கு முழுப் பணத்தையும் போட்ட பிறகுதான் பதிவு புதுப்பிக்கப்படுமா என்பது தெரியும். அதனால்தான் மற்ற பேப்பர் எல்லாம் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நிலம் தேறும், இரும்பு தேறாது

பத்து வருடம் தரிசாகக் கிடந்த நிலத்தை நாம் பயப்படாமல் எடுக்கிறோம். புல் முளைத்து, மக்கி, மண்புழு வந்து, அது தானாகவே கொஞ்சம் தேறியிருக்கும். மோட்டார் சைக்கிள் அப்படி அல்ல. ஓடித் தேய்வதைவிடச் சும்மா நின்று கெடுவது அதிகம். அதிலும் மாட்டுக்கொட்டகை ரொம்ப மோசமான இடம். கோமியத்தில் இருக்கும் உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். ஒயர் முனைகள், கார்புரேட்டர் ஜெட் எல்லாம் அந்த உலோகங்கள்தான்.

நிற்கும் வண்டியைப் பார்க்கப் போனால் முதல் வேலையாகக் கிக்கரை உதைக்காதீர்கள். உள்ளே துரு பிடித்திருந்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். புல்லட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. நீண்ட நாள் நின்றால் ஆயில் மெதுவாகப் பம்பு வழியாகக் கிரேங்க் அறைக்குள் கசிந்து இறங்கிவிடும். ஆகவே முதலில் கீழே உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிஸ்டன் நகர்ந்தால் பாதி நிம்மதி. நகரவில்லை என்றால் எஞ்சினை முழுசாகப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

பிஸ்டன் நகர்ந்தால் பிளக்கை மாட்டி, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். நிற்காமல் புசுக்கென்று இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. ஏற்கெனவே எத்தனை தடவை போர் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கால் மில்லிமீட்டர் கூட்டித்தான் பிஸ்டன் போடுவார்கள். அந்த வரிசை முடிந்திருந்தால் ஸ்லீவ் இறக்க வேண்டும், அது தனிச் செலவு.

டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறமாக இருந்தால் துரு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் டேங்க் துருப்பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் டியூபும் வாஷரும் எத்தனாலைத் தாங்கும்படி செய்ததல்ல. பழைய வண்டியைத் தேற்றினால் ரப்பர் அத்தனையையும் மாற்றத்தான் வேண்டும். அதன் பிறகும் டேங்க் நிறையப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தக் கூடாது.

கடைசியில் வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கலாம். அது தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

நோட்டில் போட்ட கணக்கு

நூம்பல் வண்டியை எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினோம். பிஸ்டன் நகரவில்லை. அவர் சொன்னதை அங்கேயே நோட்டில் எழுதினேன்.

வண்டி விலை ரூ.25,000
எஞ்சின் வேலை, லேத் கூலியோடு ரூ.32,000
டயர், டியூப், செயின் செட் ரூ.9,000
ஒயரிங், பேட்டரி, பாயிண்ட் செட் ரூ.8,000
கார்புரேட்டர், டேங்க் ரூ.5,000
பெயின்ட், குரோம், சீட் ரூ.14,000
பேப்பர், இன்ஷூரன்ஸ் ரூ.7,000
மொத்தம் ரூ.1,00,000

இது எங்கள் வண்டிக்கு ஒரு மெக்கானிக் சொன்ன மதிப்பீடு. உங்கள் வண்டிக்குத் தொகை மாறும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். விற்கிறவர் சொன்ன விலை மொத்தச் செலவில் கால் பங்குதான். பழைய கட்டடத்துக்கு ரிப்பேர் மதிப்பீடு வந்தால் எதிர்பாராத செலவு என்று ஒரு தொகை சேர்த்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். பிரிக்காத எஞ்சினுக்கு ரிப்பேர் செலவில் மூன்றில் ஒரு பங்காவது சேர்க்க வேண்டும். 68,000 ரூபாய் ரிப்பேருக்கு அது 22,000 ரூபாய்க்கு மேல். ஆக 1,22,000 ரூபாயைத் தாண்டுகிறது. தம்பி கையில் இருந்த முழுப் பணமும் போய்விடும்.

"நானே வேலை செஞ்சா கூலி மிச்சம் ஆகுமே சார்" என்றார் தம்பி. நியாயம்தான். ஆனால் ஆடிப்பட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் வேலி போட வேண்டும், பல தானியம் விதைத்து மடக்கி உழ வேண்டும், தொழு உரம் அடிக்க வேண்டும். வண்டியோடு உட்காரும் ஒவ்வொரு ஞாயிறும் நிலத்திலிருந்து எடுத்த ஞாயிறு. அதற்கு நோட்டில் தொகை போட முடியாது. ஆனால் அதுதான் பெரிய செலவு.

ஓடும் செலவையும் பார்த்தோம். பழைய புல்லட் லிட்டருக்கு 30, 35 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. எடை 160 கிலோவுக்கு மேல். சேற்று வரப்பில் சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கிப் பாருங்கள், தெரியும். 90 கிலோகூட இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 அதே மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பாதி பெட்ரோலை மிச்சப்படுத்திப் போய்ச் சேரும்.

மாற்றி அமைக்கும் ஆசை

புல்லட் என்றதும் பலரும் கேட்கும் கேள்வி, அதில் கலப்பை பூட்ட முடியாதா என்பது. முடியும். குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி, வறட்சியில் மாடு வைத்துக் காப்பாற்ற முடியாத நிலையில், 1990களில் இதைச் செய்தார். புல்லட்டின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் கலப்பைச் சட்டமும் பொருத்தினார். 'புல்லட் சாந்தி' என்று அது பெயர் பெற்றது. சௌராஷ்டிரத்துக் காட்டு நிலத்தில் களை எடுக்கவும் விதைக்கவும் அது உதவியது. அங்கே டீசல் எஞ்சின் பொருத்தி ஓட்டினார்கள்.

ஆனால் அது உழவுக் கருவி. நம்மிடம் வரும் கேள்வி காலையில் உழுது சாயந்திரம் அதே வண்டியில் காய் எடுத்துப் போகலாமா என்பது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. சாலையில் ஓட்டும் வண்டியில் வேறு எஞ்சின் மாற்றுவது, சேஸிஸை வெட்டி ஒட்டுவது எல்லாம் பதிவுக்கும் இன்ஷூரன்சுக்கும் ஆபத்து.

இன்னொரு ஆசை, பழங்கால வண்டி என்று பதிவு செய்வது. 2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். கண்காட்சிக்கும் பழங்கால வண்டி ஊர்வலத்துக்கும்தான் சாலையில் ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்குக் கிடையாது. கீரைக் கட்டு ஏற்ற அது ஆகாது.

என்ன முடிவு எடுத்தோம்?

தம்பி புல்லட்டை எடுக்கவில்லை. பேப்பர் சுத்தமான பழைய எக்ஸ்.எல். ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கினார். மறுநாளே கீரை ஏற்றினார். மீதிப் பணத்தில் மாடும் விதையும் வந்தன. அந்த அம்மாவுக்கும் இதில் நஷ்டம் இல்லை. வாரிசுச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்தேன், மகன் படிவம் 31-க்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பேப்பர் இல்லாத புல்லட்டுக்கும் பேப்பர் உள்ள புல்லட்டுக்கும் விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் வியாபாரிக்குப் போகாமல் அந்தக் குடும்பத்துக்கே போகட்டும்.

இதனால் பழைய வண்டியைத் தேற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற வண்டி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மொத்தச் செலவும் விதைப் பணத்தையும் மாட்டுப் பணத்தையும் தொடாமல் வர வேண்டும். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை என்ற பொறுமை வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக எடுங்கள். கையால் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவனுக்குக் களை எடுக்கும் கருவியும் பம்புசெட்டும் பயமாக இருக்காது. அந்தப் படிப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு.

எடுப்பதானால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பேப்பர். வாரிசு, கடன் பதிவு, கணினிப் பதிவு மூன்றும் தீரும் வரைக்கும் சிறிய அட்வான்ஸ் மட்டும், அதுவும் வேலை நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு. அடுத்தது பிரேக், டயர், சக்கரக் கம்பி. நிற்காத வண்டி ஓடிப் பயனில்லை. அதற்குப் பிறகு எஞ்சின். பிறகு ஒயரிங், விளக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் செலவை நோட்டில் எழுதி, முதலில் போட்ட மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். பாதி வேலையில் மதிப்பீடு தாண்டினால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடுவது வாராக் கடனுக்கு மறுபடியும் கடன் கொடுக்கிற மாதிரி.

பெயின்ட் கடைசி. பல பேர் அதைத்தான் முதலில் அடிக்கிறார்கள். பளபளவென்று நிற்கும் வண்டியில் எஞ்சின் பிரிக்கக் கை வராது, அப்படியே சாக்கைப் போர்த்திவிடுவார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி, ஆயில் ஒழுகாமல் வீடு திரும்பட்டும். அப்புறம் என்ன கலர் வேண்டுமோ அடித்துக்கொள்ளுங்கள்.